பாட்டைப் பறிகொடுத்த வள்ளிக்கும்மி

2024இல் பத்திரப்பன் அவர்களுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காகப் பத்மஸ்ரீ கிடைத்ததிலிருந்து கோவை வட்டாரத்தில் ஒரு பேச்சு பலமாக அடிபடுகிறது: கும்மி பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டது, இனி அழியாது. ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த சரவணம்பட்டியிலும் இதைச் சொல்லிப் பூரிப்பவர்கள் உண்டு.

ஆண்கள் ஆடிவந்த இந்தக் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் பத்திரப்பன். அதற்கு எந்த விருதும் தகும். செல்போனைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகள் ஆட வருவதும், பாட்டியும் பேத்தியும் ஒரே வட்டத்தில் நிற்பதும் நல்லதுதான்.

ஆனால் அந்தப் பிள்ளைகளின் கைக்கு வந்தது என்ன? கால் அடி வந்திருக்கிறது, கைத்தட்டு வந்திருக்கிறது, ஒரே நிறத்தில் உடுப்பும் வந்திருக்கிறது. பாட்டு மட்டும் வரவில்லை. அது வாத்தியார் கையிலிருக்கும் மைக்கோடு நின்றுவிடுகிறது. அவர் பாடப் பாடப் பிள்ளைகள் அடி மாற்றுகிறார்கள். அரங்கேற்றம் முடிந்து வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் நாலு அடி பாடச் சொல்லிப் பாருங்கள்.

வள்ளிக்கும்மி ஒரு கதைப்பாட்டு. தினைப்புனக் காவல், வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் வரும் முருகன், மிரட்ட வரும் யானை, களவு மணம், வள்ளியை வளர்த்த நம்பிராசனின் கோபம் எல்லாம் பாட்டுக்குள்தான் இருக்கின்றன. பாட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது உடற்பயிற்சி. பெருந்துறையில் ஆயிரக்கணக்கானோர் ஆடிச் சாதனை படைத்தபோது எண்ணப்பட்டது தலைகள்தானே? தலைக்கணக்குக்குப் பாட்டு தேவையில்லை, பிள்ளைகள் இருந்தால் போதும்.

பாட்டு தெரிந்தால் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள் என்ற பயமோ என்றுகூடத் தோன்றுகிறது. வேடர் வளர்த்த பெண், வீட்டார் சம்மதத்துக்குக் காத்திராமல், தான் விரும்பியவனோடு போகிறாள். இந்தக் கதையைச் சாதிச் சங்கப் பதாகையின் கீழ் ஆடவைப்பவர்களுக்குக் கதை காதில் விழாமலிருப்பதே வசதி.

ராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்புல்லாணி அரசுப் பள்ளித் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்துப் பிள்ளைகள், பழைய எழுத்தைக் கற்றுக்கொண்டு கல்வெட்டைத் தாங்களே படிக்கிறார்கள். அங்கே மரபு பிள்ளைகளின் கைக்குப் போயிருக்கிறது. இங்கே பிள்ளைகள் மரபுக்குக் கூட்டம் சேர்க்கிறார்கள், அவ்வளவுதான்.

வாத்தியார்களே, அடுத்த அரங்கேற்றத்தில் ஒரு பாட்டுக்காவது மைக்கைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தப்பும் தவறுமாகப் பாடட்டும்.