வதந்தியின் வேகமும் வேரும்

மெய்யினும் பொய்யே விரைந்து பரவுகிறது. பரப்புவோர் பொறிகளல்லர், மனிதரே. 2018 மார்ச்சில் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த டுவிட்டர் ஆய்வின் முடிவு இது. ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்தோர், பொய்யின் புதுமையே கவர்ச்சி என்கின்றனர்.

தன்னாமுனையிலிருந்து நோக்கும் எமக்கு இவ்விளக்கம் போதாது. அதே ஆண்டு பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் கருத்தடை மாத்திரை கலந்ததாக வதந்தி எழுந்தது. கூட்டம் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கிற்று. காணொளி முகநூலில் பரந்தது. கிடந்தது மாவுக்கட்டியே என அரச பகுப்பாய்வு கூறியது பின்னரே. அவ்வதந்தி புதியதா? பல்லாண்டாக ஊட்டப்பட்ட பகையின் பழங்கதையன்றோ!

காற்றின் வேகத்தை அளந்தோர் காய்ந்த வைக்கோலையும் காணல் வேண்டும். அவ்வைக்கோல் எம் தமிழர் முற்றத்திலும் உண்டு. அதை அடுக்கியவர் எவரெனக் கேட்பது எழுத்தாளர் கடன்.