கொடையில் கேட்ட கதை

வில்லுப்பாட்டு என்றதும் நம்மில் பலருக்கு ஒரு மேடையும், 'ஆமா' போடும் நாலைந்து பேரும், இடையிடையே சிரிப்பும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வில்லில் காந்தி கதை சொன்னார். சுப்பு ஆறுமுகம் (1928–2022) ஆயுள் முழுக்க வில்லைக் கைவிடவில்லை. 2021ல் பத்மஸ்ரீ பெற்றார். பெரிய கலைஞர்கள், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் செய்தது ஏறக்குறைய உபந்நியாசம். வில்லுப்பாட்டின் அசல் சுபாவம் வேறு என்பது, புதுக்கடைக்குப் பக்கத்தில் ஒரு இசக்கியம்மன் கோவில் கொடையில்தான் எனக்குத் தெரியவந்தது.

குழு கிழக்கே, நாகர்கோவில் பக்கமிருந்து வந்திருந்தது. குடத்தின்மேல் சாய்ந்த வில், அதில் மணிகள், உடுக்கு, தாளம், கட்டை. வீசுகோலுடன் நடுவில் அண்ணாவி, ஐம்பது வயதிருக்கும். பாடியது நீலி கதை. நகைக்கு ஆசைப்பட்டவன் ஒரு தாசியைக் கள்ளிச் செடியடியில் கொல்கிறான். மறுபிறவியில் அவள் பேயாகி, கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனைத் தேடி வருகிறாள்.

கொலை நடக்கும் இடத்தை அவர் பாடியதைச் சொல்ல வேண்டும். அவன் மடியில் அவள் தூங்குகிறாள். மணலைக் கூட்டித் தலையணையாக்கி, அவள் தலையை அதில் மெல்ல இறக்கிவிட்டுக் கல்லை எடுக்கிறான். நானாக இருந்தால் அவன் மனப் போராட்டத்தை இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். அண்ணாவி மனசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மணலை மட்டுமே பாடினார். அள்ளினான், கூட்டினான், தட்டினான் என்று. பிறகு வாயை மூடிக்கொண்டார். குடம் மட்டும் தனியே அதிர்ந்தது. பெண்கள் குரவையிட்டார்கள். சன்னதியருகே நின்ற கோமரத்தாடியின் தோள் நடுங்கத் தொடங்கிற்று.

"இனி நிறுத்தமாட்டாரு பிள்ளே, அம்மை எறங்கணும்லா" என்றாள் பக்கத்திலிருந்த பாட்டி.

உண்மைதான். அண்ணாவி எங்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அவர் கண் கோமரத்தாடியின் முகத்தில் இருந்தது. அந்த உடம்பு தயங்கினால் அதே அடிகளைத் திரும்பப் பாடினார். துள்ளினால் வேகத்தைக் கூட்டினார். நாங்கள் உடன் இருந்தவர்கள், அவ்வளவுதான். கதை அவளைப் பற்றியதல்ல, அவளை அழைப்பது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988ல் வெளியிட்ட நூலில், கொடைக் கதைகளைப் பிறப்பின் கதைகள், இறப்பின் கதைகள் என்று பிரித்துப் பார்க்கிறார். கொலையுண்டவர் தெய்வமாகும் கதைகளில்தான் ஆட்டம் உச்சத்துக்குப் போகிறது என்பதன் பொருள் அன்றிரவு எனக்கு விளங்கியது.

இந்தக் கதைகளை அச்சில் படித்துவிட்டு, 'ஒரே கூறியது கூறல்' என்று நானே ஒரு காலத்தில் எழுதியதுண்டு. மளிகைச் சீட்டை வைத்துக்கொண்டு சமையலின் ருசியைச் சொன்ன கதைதான்.

குறையும் இருந்தது. ஆரம்பத்தில் சினிமா மெட்டில் இரண்டு பாட்டுப் பாடினார். அது அவருக்கே பிடித்த மாதிரி தெரியவில்லை. அதைவிடப் பெரிய நஷ்டம் பின்பாதியில். நீலி ஊர்ச் சபையில் வழக்காடுகிறாள். சபையோர் அவள் பேச்சை நம்பி, அவன் உயிருக்குத் தங்கள் உயிரையே பிணை வைத்து, அவனை அவளுடன் அனுப்பிவைக்கிறார்கள். தமிழில் இதற்கு இணையான நீதிமன்றக் காட்சியை எந்த நாவலாசிரியனும் எழுதியதில்லை என்பது என் அபிப்பிராயம். அதை அண்ணாவி கால் மணியில் ஓட்டிவிட்டார். பாதி அடிகளை விழுங்கினார். காரணம் சபைக்கு வெளியே இருந்தது. பந்தலின் மறுபக்கம் கானமேளாக்காரர்கள் வந்து இறங்கி, மைக்கில் 'ஹலோ, ஹலோ' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழாக் கமிட்டியைச் சேர்ந்த ஒரு பையன் வில்லுக்கு எதிரே வந்து நின்று, கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினான்.