அன்பின் அளவையும் காவலின் கணக்கும்

பெற்றோருடன் தமக்குள்ள உறவைப் பிள்ளைகள் எவ்வாறு உணர்கின்றனர் என்பதை எண்களாற் கூற முற்பட்ட உளவியல் அளவைகளுள், 'பெற்றோர் பிணைப்பு அளவை' எனத் தமிழில் வழங்கத்தக்க ஒன்று பெரிதும் எடுத்தாளப்படுவது. சிட்னி நகரிலே கோர்டன் பார்க்கர், ஹிலரி டப்ளிங், பிறவுண் ஆகிய மூவர் 1979இல் இதனை வெளியிட்டனர். தாய்க்கு ஒன்றும் தந்தைக்கு ஒன்றுமாக இரு தாள்கள். ஒவ்வொன்றிலும் 25 கூற்றுகள். அவற்றுள் 12 பரிவையும் 13 மிகைக்காவலையும் அளப்பன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி.

இதன் சிறப்பை முதலிற் கூறிவிடல் முறை. குடும்பம் எத்தகையது என்பதைப் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கேளாது, வளர்க்கப்பட்டவரிடமே இது கேட்டது. தாய் தன்னைப் பரிவுமிக்கவளாகக் கருத, மகள் அவ்வாறு கருதாதிருத்தல் கூடும். அம்முரண்பாடு அளவையின் பிழையன்று. ஆய்வுக்குரிய செய்தியே அதுதான். ஆயினும் இது, வளர்ந்தோர் தம் முதற் பதினாறு ஆண்டுகளை மீள நினைந்து விடையளிப்பதற்கென ஆக்கப்பட்டது. கட்டிளமைப் பருவத்தினரின் இன்றைய உறவை அறிய விரும்புவோர், நம்பிக்கை, உரையாடல், அந்நியப்படல் என்னும் மூன்றையும் நோக்கும் ஆம்ஸ்டன், கிறீன்பேர்க் ஆகியோரின் அளவையை (1987) நாடுதல் பொருந்தும்.

நமது கண்டனம் வேறிடத்தைச் சார்ந்தது. தாயின் மிகைக்காவல் 39இல் 13.5ஐத் தாண்டினால் 'உயர்வு' எனக் கொள்ளப்படும். பரிவுக்கு எல்லை 36இல் 27. பரிவு உயர்ந்தும் காவல் தாழ்ந்தும் இருப்பதே உகந்த பிணைப்பாம். இரண்டும் உயர்ந்திருப்பின் 'அன்புசார் கட்டுப்பாடு' என்னும் பெயர் சூட்டப்படும். இங்கேதான் மறைவான தீர்ப்பொன்று புகுகின்றது. காவலை உணர்ந்தேன் என்பது வரையிலேயே பிள்ளையின் சாட்சியம். அக்காவல் உறவின் குறை என்பது அளவையை ஆக்கியோரின் முடிபு. அதுபற்றிப் பிள்ளையிடம் எவரும் கேட்கவில்லை.

கேட்டிருப்பின் விடை வேறாகலாம் என்பதற்குச் சான்றுண்டு. றோனரும் பெற்றென்கில்லும் 1985இல் வெளியிட்ட ஆய்விலே, கொரிய நாட்டுக் கட்டிளமையோர் பெற்றோரின் கட்டுப்பாடு கூடியவிடத்துப் பரிவையும், குறைந்தவிடத்துப் புறக்கணிப்பையும் உணர்ந்தனர். ஐக்கிய அமெரிக்க இளைஞரிடையே கட்டுப்பாடு பகைமையோடே இணைத்து நோக்கப்பட்டது.

இவ்வளவையைத் தமிழாக்கி நம் மாணவரிடையே வழங்க விரும்புவோர் முதலிலே சொல்லில் இடறுவர். பிறர் தலையிடலாகாத, தனக்கே உரிய எல்லை என்னும் கருத்து இதன் அடிப்படைகளுள் ஒன்று. அதனைத் 'தனிமை' என்றால் துணையின்மை எனப் பொருள்படும். 'அந்தரங்கம்' என்றாலோ மறைக்கவேண்டிய ஏதோ உண்டென்ற ஐயம் எழும். (இதனைச் சிற்றிடர் எனக் கருதுவோர் ஒருமுறை மொழிபெயர்த்துப் பார்க்கட்டும்.) இருள்படுமுன் வீடு திரும்பவேண்டும் என்னும் தாயின் சொல்லை ஒருத்தி அன்பென்பாள், மற்றொருத்தி சிறையென்பாள், இரண்டுமே என்பாள் இன்னொருத்தி. மூவருக்கும் ஒரே புள்ளி. அம்மம்மாவிடம் வளர்ந்த பிள்ளைக்கோ தாளே இல்லை.

இத்தகைய புள்ளியைக் கொண்டு உளவளத்துணையாளர் ஒரு மாணவியின் வீட்டைப் பற்றி முடிவு கூறுவாராயின், அவள் தன் தாயைப் புதிய ஐயத்தோடு நோக்கத் தொடங்குவாள். காவல் பற்றிய ஒவ்வொரு கூற்றின் பின்னும் 'இது உமக்கு எவ்வாறு இருந்தது?' என்னும் வினாவைச் சேர்த்தல் இயலாத கருமமன்று. தாள் ஒன்றரை மடங்காக நீளும், 13.5 என்னும் எல்லை செல்லாதாகும். சிட்னியின் புள்ளிகளோடு ஒப்பிடும் வசதியும் நீங்கும்.