ஒளித்துக் குடித்த தண்ணீர்

நமது எழுத்தாளர்களின் வளைகுடாக் கதைகளில் றமழான் அடிக்கடி வரும் களம். உம்மா காய்ச்சும் கஞ்சியை நினைத்து ஏங்கும் மகன், பெருநாளைக்குப் பணம் அனுப்பிவிட்டு அறையில் தனித்திருக்கும் கணவன், எஜமானி வீட்டில் எல்லோருக்கும் முன்னர் ஸஹருக்கு எழும்பும் பணிப்பெண் எனப் பாத்திரங்கள் பல. உருக்கமான கதைகள்தாம். ஆனால் அதே அறையின் அடுத்த கட்டிலில் படுத்திருக்கும் முஸ்லிமல்லாத தொழிலாளி இவற்றில் எவ்வாறு வருகிறான் என்று நோக்குமிடத்து ஒரு குறை புலப்படும்.

நான் வாசித்தவற்றில் அவன் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவன். நண்பனின் பசி கண்டு மனமிளகித் தானும் நோன்பு பிடிப்பான். கடைசிப் பந்தியில் இருவரும் ஒரே தட்டில் பேரீச்சம்பழம் எடுப்பார்கள். இப்படி நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் நல்லிணக்கத்துக்குச் சாட்சி சொல்ல வந்தவனே ஒழிய, அவனுக்கென்று ஒரு தாகமோ கோபமோ கதையில் இல்லை.

என்னிடம் படித்த முல்லைத்தீவு மாவட்டத்து இந்துப் பிள்ளை ஒருவன் 2015இல் கட்டாரில் கட்டட வேலையில் இருந்தான். அவ்வருட நோன்பு ஜூன், ஜூலை வெயிலில் வந்தது. ஊர் வந்தபோது சொன்னான்: "சேர், போத்தலைச் சேட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு கக்கூசுக்குள்ள போய்த்தான் தண்ணி குடிப்பன். ஒருத்தரும் ஏசேல்ல. ஆனா களவெடுத்த மாதிரி இருக்கும். பின்னேரம் பள்ளியடிக் கூடாரத்தில எல்லாருக்கும் சாப்பாடு குடுப்பினம். நீ ஆர் எண்டு கேக்கமாட்டினம்."

ஒளித்த தண்ணீரும் கேள்வியின்றிக் கிடைத்த சோறும் ஒரே வாயிலிருந்து வந்தன. நமது கதைகள் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்கின்றன.

இவ்விடத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மார்க்கம் முஸ்லிமல்லாதவர்மீது நோன்பைக் கடமையாக்கவில்லை. பிரயாணிக்கும் நோயாளிக்குமே சலுகை உண்டு. பகிரங்கமாக உண்பதைக் குற்றமாக்கியது அரச சட்டம். குவைத்தின் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு 100 தினார் வரை தண்டமும் ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. வேலை நேரத்திலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு. ஐக்கிய அரபு இராச்சியத்தில் இரண்டு மணித்தியாலக் குறைப்பு எம்மதத்தவருக்கும் பொது. சவூதித் தொழிற்சட்டம் ஆறு மணித்தியால வேலைநாளை முஸ்லிம் தொழிலாளருக்கே வைத்தது. வீட்டுப் பணிப்பெண் அச்சட்டத்துக்கே வெளியே நிற்பவள். இந்த வேறுபாடுகளைப் படைப்பாளி காட்டாவிட்டால், அந்தப் பிள்ளை ஒளித்துக் குடித்த தண்ணீரின் பழி மார்க்கத்தின்மீதே விழும். அதனால்தான் இதை நாமே எழுத வேண்டும் என்கிறேன்.

மலையாளத்தில் 2008இல் 'ஆடுஜீவிதம்' எழுதிய பென்யாமின் ஒரு கிறிஸ்தவர். 1992 முதல் பல வருடங்கள் பஹ்ரைனில் வாழ்ந்தவர். அவருடைய நாயகன் நஜீப் ஒரு முஸ்லிம். சவூதிப் பாலையில் அவனை அடிமையாக வைத்திருப்பவனும் முஸ்லிம். நஜீப்பின் துன்பத்துக்குள்ளும் அவனது இறைநம்பிக்கைக்குள்ளும் பென்யாமின் நுழைந்து பார்த்தார். தமிழிலும் அந்நூலை நாம் விரும்பி வாசித்தோம். அதேபோல மற்றவனின் தாகத்துக்குள் நுழைந்து பார்த்த கதை ஒன்றை நம் பக்கத்தில் தேடுகிறேன்.

வன்னியில் இருக்கும் எனக்கு இது வெறும் இலக்கியக் குறையல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து 70,000இற்கும் அதிகமான முஸ்லிம்களை வெளியேற்றினர். அப்போது நான் சிறுவன். அதற்கு முன் நீராவிப்பிட்டி, தண்ணீரூற்றுப் பக்கத்தில் நோன்புக் கஞ்சி வேலி தாண்டி அயல் வீடுகளுக்கும் போகும். பின் இருபது வருடம் அங்கே பாங்கும் இல்லை, கஞ்சியும் இல்லை. அந்த இடைவெளியில் பிறந்த பிள்ளை, அயலவனின் கஞ்சியாக அறிந்திருக்க வேண்டிய றமழானை டோஹாவில் ஒரு தடையாக அறிந்துகொண்டான்.

மீள்குடியேறிய பின் இரண்டு வருடம் அவனுக்குப் படிப்பித்தேன். நோன்போடு வகுப்பில் நின்றும், ஒருநாளாவது அவனிடம் அதைப்பற்றிப் பேசியதில்லை. குறை கதைகளில் மட்டும் இல்லை.

வெளியேற்றத்தை நாம் எழுதினோம், இன்னும் எழுதுவோம். நாம் இல்லாத ஊரில் வளர்ந்தவன் எதை இழந்தான் என்பதும் அதே வரலாறுதான். நமது இளைய படைப்பாளிகள் அடுத்த கட்டிலில் இருப்பவனிடமும் கதை கேட்கட்டும். அவன் நோன்பு பிடித்த நாளை மட்டுமல்லாமல், பிடிக்காத நாட்களையும் கேட்கட்டும்.