இடைமறிப்புக் கோடும் மனித விலையும்

கணினி விளையாட்டைத் திறனாய்வுக்குரிய ஆக்கமாகக் கொள்ளத் தயங்குவோர் உளர். 2005ஆம் ஆண்டு யுபிசொவ்ற் நிறுவனம் வெளியிட்ட ‘சைலன்ற் ஹன்ரர் 3’ அத்தயக்கத்தை மீளாய்வு செய்யத் தூண்டுவதாகும். இரண்டாம் உலகப்போரில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் அத்திலாந்திக்கில் நடத்திய போரே அதன் பொருள்.

இவ்விளையாட்டின் உயிர்நிலை டோர்பிடோ ஏவுதலைக் காட்டிலும், ஏவுதற்குரிய இடத்தை முன்னதாக அடைவதிலேயே தங்கியுள்ளது. அக்கால நீர்மூழ்கிகளுட் பெருவழக்காயிருந்த ரகம் நீர்மட்டத்தில் மணிக்கு ஏறத்தாழ 17 கடல்மைல் செல்லவல்லது; நீரினுள் 7 கடல்மைலைச் சிறிதே விஞ்சும். எனவே, 8 கடல்மைல் வேகத்திற் செல்லும் வணிகக் கப்பலை நீரினுள் பின்தொடர்ந்து பிடித்தல் இயலாது. அது செல்லும் பாதையை முன்கூட்டியே கணித்தல் வேண்டும்.

கணிப்பு முறை எளிமையானது. இரு வேளைகளில் இலக்கின் நிலையைக் குறித்து இணைத்தால் அதன் திசை புலப்படும். 3 நிமிடம் 15 செக்கனில் அது கடக்கும் ஒவ்வொரு 100 மீற்றரும் மணிக்கு ஒரு கடல்மைலாகும். பார்வைக்கோட்டிற்குச் செங்குத்தாக 8 கடல்மைல் வேகத்திற் செல்லும் இலக்கை 16 கடல்மைல் வேகத்தில் இடைமறிப்பதாயின், பார்வைக்கோட்டிலிருந்து 30 பாகை முந்திச் செல்லல் வேண்டும். அத்திசையிற் செல்லுங்கால் இலக்கின் திசைகோள் மாறாது நிற்கும். தூரம் மட்டும் குறையும்.

வரைபடத்தில் இலக்கின் நிலையைக் கணினியே குறித்துக் காட்டும் வசதியும் விளையாட்டில் உண்டு. அதனை நீக்கியவிடத்து, ஆடுபவருக்கு எஞ்சுவன ஒலிகேட்கருவி தரும் திசையும் கண்மதிப்பான தூரமும் அளவுகோலும் பாகைமானியுமே. ஐயத்தினின்று அனுமானத்திற்குச் செல்லும் அறிவுப் பயிற்சி இங்குதான் தொடங்குகிறது. இது சலிப்பூட்டுவது எனக் குறைகூறுவோர் ஆக்கத்தின் சாரத்தையே தவறவிடுகின்றனர் எனலாம்.

எனினும், கேத்திரகணிதத்தின் தூய்மை ஒன்றை மறைக்கிறது. மூழ்கடிக்கப்பட்ட கப்பல், தொன் கணக்காகவே பதிவேட்டில் இடம்பெறுகிறது. அதிலிருந்த மாலுமிகள் பதிவேட்டில் இல்லை. வேட்டையாடியோரின் கதியும் அவ்வாறே. ஜேர்மன் நீர்மூழ்கிகளிற் பணிபுரிந்த ஏறத்தாழ 40,000 பேரில் 30,000 பேர் வரையில் மடிந்தனர். அவர்கள் அனுப்பிய வானொலிச் செய்திகளே அவர்தம் இருப்பிடத்தைப் பகைவருக்குக் காட்டிக்கொடுத்தன. இடைமறிப்புக் கோடு இருபுறமும் வரையப்பட்டது. ஆடுபவரோ சேமித்த ஆட்டத்தை மீளத் திறந்து உயிர்பெறுகிறார்.

கணிப்பைக் கற்பிப்பதில் இவ்வாக்கம் வெற்றிபெறுகிறது. கணிப்பின் மனித விலையை உணர்த்துவதில் தோல்வியுறுகிறது. இரண்டையும் ஒருங்கே நோக்குவதே நேரிய மதிப்பீடாகும்.