சி. டக்ளஸ்: கசங்கிய தாளின் ஓவியம்

சி. டக்ளஸ் (பிறப்பு: 1951) சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சேர்ந்த கலப்பு ஊடக ஓவியர். கேரளத்தின் தலைச்சேரியில் பிறந்து, சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்றார். 1980களில் சில ஆண்டுகள் ஜெர்மனியில் வாழ்ந்து, மீண்டும் சோழமண்டலத்துக்குத் திரும்பினார். தொடக்கத்தில் வடிவியல் சார்ந்த அருவ ஓவியங்களை வரைந்த அவர், பின்னர் மனித உருவத்தை மையமாக்கினார்.

ஊடகம்

கலப்பு ஊடகம் என்பது வெவ்வேறு வண்ணங்களையும் பொருட்களையும் ஒரே படைப்பில் சேர்ப்பது. 1912-இல் பிக்காசோ பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக வைத்தார். அங்கே வெளியுலகப் பொருள் ஒன்று ஓவியத்துக்குள் வந்தது. டக்ளஸ் வெளியிலிருந்து அதிகம் கொண்டுவருவதில்லை. வரைவதற்கான தாளையே கசக்கி, துணிமேல் ஒட்டி, அதன்மீது வேலை செய்கிறார். மடிப்புகளில் நிறம் தேங்குகிறது. பழுப்பு, சாம்பல், கருமை ஆகியவற்றுக்கு நடுவே, குழந்தை கிறுக்கியதுபோன்ற தலைகளும் உடல்களும் தோன்றுகின்றன. பார்ப்பவருக்கு முதலில் தெரிவது தாளின் சுருக்கமா, உருவத்தின் தோலா என்று பிரித்தறிய முடிவதில்லை. அவர் ஓவியங்களின் ஆற்றல் இந்த மயக்கத்தில் இருக்கிறது.

சோழமண்டலத் தொடர்ச்சி

கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவான சோழமண்டலம், கைவினைப்பொருள் விற்பனையைக் கொண்டு ஓவியர்கள் தங்கள் கலையைக் காத்துக்கொண்ட இடம். அக்கைவினைகளுள் பாத்திக் முக்கியமானது. உருக்கிய மெழுகு பூசிய துணியைக் கசக்கும்போது மெழுகில் வெடிப்பு விழும். சாயம் அதன்வழி நுழைந்து நரம்புபோன்ற கோடுகளாகும். டக்ளஸின் தாளிலும் கசங்கலே கோடு வரைகிறது. இது நேரடித் தாக்கம் என்பதற்குச் சான்றாகாது. ஆனால் பாத்திக்கில் அழகாக நிற்கும் வெடிப்பு, டக்ளஸிடம் காயமாக மாறுகிறது என்ற ஒப்பீடு அவரைப் புரிந்துகொள்ள உதவும்.

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையோடும் இவரை ஒப்பிடலாம். பணிக்கரிடம் வாசிக்க முடியாத எழுத்துகளும் குறிகளும் ஒழுங்கான தளத்தில் அமர்கின்றன. டக்ளஸிடம் தளமே நிலைகுலைந்திருக்கிறது. அதன்மேல் நிற்கும் எந்தக் குறிக்கும் உறுதி இல்லை.

மதிப்பீடு

இம்முறைக்கு ஓர் ஆபத்து உண்டு. கசங்கிய பழுப்புத் தாள் எதை வரைந்தாலும் பழமையையும் துயரத்தையும் எளிதில் அளித்துவிடும். உருவம் வலுவில்லாத இடங்களில் தளம் மட்டும் சோகம் பேசும். 'பார்வையற்ற கவிஞனும் வண்ணத்துப்பூச்சிகளும்' போன்ற இலக்கியச் சாயல்கொண்ட தலைப்புகளும் பார்வையாளரை ஓவியத்தை விட்டுக் கதை தேட வைக்கக்கூடும். கோடு தயங்கி, அறுந்து, மடிப்பைத் தாண்ட முடியாமல் திரும்பும் ஓவியங்களில் இக்குறை இல்லை. அவற்றில் தாளின் தடையே வரைபவரின் தடையாகிறது.

கண்காட்சிக்குச் செல்லும்போது இத்தகைய படைப்புகள் இன்னொரு சிக்கலைச் சந்திக்கின்றன. தாளைக் காக்கக் கண்ணாடி போட்டால், மேடுபள்ளம் பிரதிபலிப்பில் மறையும். அச்சுப்படத்திலும் கைப்பேசித் திரையிலும் அது வெறும் கறையாகத் தட்டையாகிவிடும். எனவே டக்ளஸைப் படங்கள்வழி மட்டும் அறிந்த மாணவர் பாதியையே அறிந்திருப்பார். நேரில் பார்க்கையில் எதிரே நின்றபின், பக்கவாட்டிலும் நின்று பார்க்க வேண்டும். வெளிச்சம் மடிப்புகளில் விழும் அந்தக் கோணத்தில்தான், எந்தக் கோடு கையால் வரைந்தது, எது கசங்கலால் விழுந்தது என்று பிரித்துப் பார்க்க முடியும்.