யூனிட்டுக்கு எட்டு ரூபாய்

குன்னூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், அட்வான்ஸும் வாடகையும் பேசி முடித்த பிறகு வீட்டுக்காரர் இன்னொன்றும் சொல்வார்: "கரண்ட் தனி. யூனிட்டுக்கு எட்டு ரூபாய்." சிலர் பத்து என்பார்கள். மாடிப்படிக்கடியில் ஒரே ஒரு ஈபி மீட்டர். பக்கத்துப் பலகையில் மூன்று நான்கு சப் மீட்டர்கள். மாதம் பிறந்தால் வீட்டுக்காரரோ அவர் மகனோ டார்ச் அடித்துப் பார்த்து நோட்டில் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். குடியிருப்பவருக்கு மின்வாரியம் என்று ஒன்று இருப்பதே கரண்ட் போகும்போதுதான் நினைவுக்கு வரும்.

இந்த ஏற்பாட்டில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. குடியிருந்தவர் பில் கட்டாமல் காலி செய்தால் இணைப்பு துண்டிக்கப்படுவது வீட்டுக்காரருக்குத்தான். விதிகள் இடம் கொடுத்தால் பழைய பாக்கியைக் கட்டடத்தின் புதிய உரிமையாளரிடமும் கேட்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சீசனுக்கு வந்து போகும் ஹோட்டல் தொழிலாளியும் பதினொரு மாத ஒப்பந்தத்தில் தங்குபவரும் விண்ணப்பம், டெபாசிட், சரிவில் கம்பி இழுக்கும் செலவு என்று அலைய விரும்புவதில்லை. மொத்த பில்லைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதைவிட சப் மீட்டர் மேல். எரித்த அளவாவது தெரிகிறது.

கோளாறு கணக்கில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். பிறகு விகிதம் சற்று ஏறியது, அடுக்கு முறை மாறவில்லை. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் எரித்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய், அதற்கு மேல் 400 வரை 4.50, பிறகு 6. ஒரு கட்டடத்தில் மூன்று குடும்பங்கள், ஆளுக்கு 150 யூனிட் என்று வையுங்கள். தனித்தனி இணைப்பு இருந்தால் ஒவ்வொரு குடும்பமும் கட்ட வேண்டியது 112 ரூபாய் 50 காசு. மூன்றும் ஒரே மீட்டரில் ஓடினால் 450 யூனிட்டுக்கு பில் 1,425 ரூபாய். ஒரு பைசா லாபம் வைக்காத வீட்டுக்காரர்கூட குடும்பத்துக்கு 475 வாங்கியாக வேண்டும். எட்டு ரூபாய்க் கணக்கில் அது 1,200 ஆகிறது. மொத்தம் 3,600 வசூல், 2,175 மிச்சம்.

ஆக, வீட்டுக்காரரின் பேராசை பாதிக் கதைதான். அரசு ஒவ்வொரு வீட்டுக்கும் தரும் 100 யூனிட் இலவசம் மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே முறைதான் கிடைக்கிறது. மிச்சமெல்லாம் மேல் அடுக்குக்கு ஏறுகிறது. மார்கழிக் குளிரில் ஹீட்டரும் கீசரும் ஓடும் ஊட்டியில் அந்த அடுக்கு இன்னும் சீக்கிரம் ஏறும். 'ஹீட்டர் போடக்கூடாது' என்று வாடகைக்கு விடும்போதே சொல்லிவிடுவதும் இதனால்தான்.

இதற்குத் தீர்வாக விநியோகத்தில் போட்டியைச் சிலர் முன்வைக்கிறார்கள். மும்பையில் ஒரே தெருவில் டாடா பவரா அதானியா என்று நுகர்வோர் தேர்ந்துகொள்ளலாம். அதை நாடெங்கும் கொண்டுவரப் பார்த்த 2022 மின்சாரத் திருத்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. பசுமை மின்சாரத்தை விரும்பிய இடத்தில் வாங்க 2022 விதிகள் அனுமதிக்கின்றன, ஆனால் 100 கிலோவாட் தேவை இருக்க வேண்டும். தேயிலை ஃபேக்டரிக்கு அது முடியும், அங்கே வேலை செய்பவரின் வாடகை வீட்டுக்கு முடியாது. போட்டி வந்தாலும் சப் மீட்டர்க் குடும்பத்துக்குப் பயனில்லை என்பதே என் கருத்து. தேர்வு இணைப்புக்காரருக்குத்தான், அந்த இணைப்புக்காரர் வீட்டுக்காரர். பிரிட்டனிலும் பில்லை நேரடியாகக் கட்டும் வாடகைதாரருக்கே நிறுவனத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை.

வாடகைதாரர் தன் பெயரில் இணைப்பு வாங்க சட்டம் ஏற்கெனவே இடம் தருகிறது. 2003 மின்சாரச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு உரிமையாளரையும் குடியிருப்பவரையும் ஒன்றாகவே பார்க்கிறது. வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தராததைக் காட்டி வாடகைதாரருக்கு மின்சாரம் மறுக்கக் கூடாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டின் மின் பகிர்மான விதித்தொகுப்போ, அந்தச் சம்மதம் கிடைக்காதவர் உறுதிப் பத்திரம் எழுதி, டெபாசிட்டை இரட்டிப்பாகக் கட்ட வேண்டும் என்கிறது. வழி இருக்கிறது, கூடவே அபராதமும் இருக்கிறது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் தனி.

கூடலூரின் கதை இன்னும் மோசம். ஜன்மம் எனும் பழைய நில உடைமை முறையை ஒழித்த 1969 சட்டத்தின் 17-ஆவது பிரிவில் சிக்கிய நிலத்தில் குடியிருப்போர், நில உரிமை தீராததால் ஆண்டுக்கணக்கில் இணைப்புக்கே அலைந்தார்கள். 1932 முதல் பைக்காராவில் மின்சாரம் எடுத்துச் சமவெளிக்கு அனுப்பிய நீலகிரி மாவட்டம் இது!

பிரிட்டனிடம் கடன் வாங்க வேண்டியது வேறொன்று. மின்சாரத்தை மறுவிற்பனை செய்யும் வீட்டுக்காரர், தான் கட்டிய விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்று அங்கே ஒழுங்குமுறை அமைப்பு உச்சவரம்பு வைத்திருக்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இங்கும் அதைச் செய்யட்டும், இரட்டை டெபாசிட்டையும் நீக்கட்டும். அதுவரை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கடைசி ஈபி பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.